மோட்டார் சைக்கிளின் பின் சொக்கில் ஒயில் கசிந்தால்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு இருப்பிடம் ஓரிடத்திலும் தோட்டக்காணி இன்னோரிடத்திலுமாக இருக்கின்றது. காணி கைக்கு வந்த பின்னரும் வீடு கட்டி முடியவில்லை, கிணறு இறைக்கப்படவில்லை, பிள்ளைகளின் பாடசாலையை மாற்ற முடியவில்லை என்ற காரணங்களால் நாள்தோறும் போய்வந்தே பயிர் செய்கின்றார்கள். இந்தப் போக்குவரத்து முழுவதையும் பெரும்பாலும் ஒரேயொரு பழைய மோட்டார் சைக்கிள்தான் தாங்குகின்றது. விடியற்காலையில் மருந்தடிக்கும் இயந்திரமும் மண்வெட்டியும், மத்தியானம் யூரியா மூடை, பின்னேரம் கத்தரிக்காய்ச் சாக்கு, இருட்டிய பின் ரியூசனுக்குப் போன பிள்ளை என்று எல்லாம் அதன் பின்பக்கத்திலேயே ஏறுகின்றன. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 இல் ரூபாயின் பெறுமதியும் வீழ்ந்த பிறகு, பழைய சைக்கிளைக் கொடுத்துப் புதியது வாங்குவது என்ற பேச்சே பல வீடுகளில் இல்லாமற் போய்விட்டது. ஆகவே இருப்பதைப் பழுதின்றி வைத்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பின் சொக்கப்சோபரில் ஒயில் கசிவது, முதலில் யாரும் பொருட்படுத்தாத ஒரு பழுது. இயந்திரம் ஓடுகின்றது, பிறேக் பிடிக்கின்றது, பிறகென்ன என்று விட்டுவிடுவோம். அது என்ன செய்யும், எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த அளவுக்கு நாமே திருத்தலாம் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

சொக் என்ன வேலை செய்கின்றது?

1997 இல் நாங்கள் மல்லாவியில் இருந்த காலத்தில் என்னிடம் ஒரு ஹொண்டா சி.90 இருந்தது. பெற்றோல் வன்னிக்குள் வராத காலம். சிறிஞ்சினால் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். கிறவல் வீதியில் பின்பக்கம் குதிரை போலத் துள்ளத் தொடங்கியது. ஸ்பிறிங் தளர்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்து, வேறொரு தடித்த ஸ்பிறிங்கைத் தேடிப் போட்டேன். துள்ளல் இன்னும் கூடியது. பக்கத்து வளவில் இருந்த வயதான மெக்கானிக் அண்ணை பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, ஸ்பிறிங் பாரத்தைத் தாங்கும். துள்ளலை அடக்குறது ஒயில். ஒயில் இல்லாத சொக்குக்குப் பெரிய ஸ்பிறிங் போட்டால் அது இன்னும் உயரத் துள்ளாமல் என்ன செய்யும்?” என்றார்.

விடயம் முழுவதும் அந்தப் பேச்சில் இருக்கின்றது. சொக்குக்கு வெளியே தெரிவது ஸ்பிறிங். அதன் நடுவில் ஓர் உருளை உண்டு; அதற்குள் ஒயிலும், ஒயிலுக்குள் மேலும் கீழும் ஓடும் ஒரு பிஸ்டனும் உண்டு. பிஸ்டனில் மிகச் சிறிய துவாரங்கள் இருக்கின்றன. சில்லு பள்ளத்தில் விழுந்து எழும்போது ஒயில் அந்தத் துவாரங்களால் நெருங்கி நெருங்கித்தான் போகமுடியும். ஊசி போடும் சிறிஞ்சில் தண்ணீரை நிரப்பி வேகமாக அமுக்கிப் பாருங்கள். கைக்கு ஒரு தடை தெரியும். மெதுவாக அமுக்கினால் தடை குறைவு. இதே தடைதான் ஸ்பிறிங்கின் துள்ளலைப் பிடித்து, அந்தச் சக்தியை வெப்பமாக மாற்றிவிடுகின்றது. நீண்ட கிறவல் வீதியில் ஓடிவந்தபின் நல்ல சொக்கின் உருளையைத் தொட்டால் இளஞ்சூடாக இருப்பது இதனால்தான்.

பிஸ்டனைப் பிடித்திருக்கும் பளபளப்பான இரும்புத்தண்டு உருளையின் வாயால் வெளியே வருகின்றது. அந்த வாயில் ஒரு றப்பர் ஒயில் சீல் இருக்கின்றது. கசிவு வருவது பெரும்பாலும் இந்த இடத்தினாலேயே.

சீல் ஏன் பழுதாகின்றது?

பழைய சீல் இறுகி வெடிப்பது இயற்கை. ஆனால் எங்கள் பகுதிகளில் அதற்கு முன்பே தண்டுதான் சீலைக் கொன்றுவிடுகின்றது. கடற்காற்றிலும் மாரி மழையிலும் நின்ற சைக்கிளின் தண்டில் துரு பிடித்துச் சிறு பள்ளங்கள் விழுகின்றன. தண்டு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அந்தப் பள்ளத்தின் விளிம்பு, அரம் போல றப்பரை அராவுகின்றது. 2009 இல் வீதியோரங்களில் கைவிட்டுவந்த மோட்டார் சைக்கிள்கள் சிலருக்குப் பின்னர் திரும்பக் கிடைத்தன. அவற்றை ஓடவைத்தவர்கள் இயந்திரத்தை எல்லாம் சரிபார்த்தார்கள். மழையில் மாதக்கணக்காக நின்ற சொக்கின் தண்டைப் பார்த்தவர்கள் குறைவு.

மண்ணும் அப்படியே. வலிகாமத்துச் செம்மண், கிழக்குக் கரையோர மணல், வன்னிக் கிறவற் புழுதி ஆகியவை சீலின் உதட்டில் படிந்து, ஈரத்துடன் சேர்ந்து தேய்ப்புப் பசையாகிவிடும். அளவுக்கு மீறிய பாரமும், பாரத்துடன் மதகுப் பள்ளத்தில் விழுவதும் தண்டை வளைத்துவிடும். வளைந்த தண்டில் எத்தனை புதிய சீல் போட்டாலும் நிற்காது.

கசிவுதானா என்று எப்படி அறிவது?

முதலில் ரயரின் காற்றைப் பாருங்கள். காற்றுக் கூடிய ரயரும் துள்ளும், குறைந்த ரயரும் ஆடும். சொக்கைக் குறைசொல்வதற்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

பிறகு ஸ்ரான்டை எடுத்துவிட்டு, ஒருவர் சைக்கிளை நிமிர்த்திப் பிடிக்க, மற்றவர் ஆசனத்தின் பின்பகுதியை முழுப்பலத்துடன் கீழே அமுக்கித் திடீரென விடவேண்டும். நல்ல சொக் எழுந்துவந்து, ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். இரண்டு மூன்று தரம் மேலும் கீழும் ஆடினால் ஒயில் தடை போய்விட்டது என்று கொள்ளலாம். பின் ரயரின் பட்டி ஓரிடம் தேய்ந்து ஓரிடம் தேயாமல் அலை அலையாக இருப்பதும், வளைவில் பின்பக்கம் நழுவுவது போன்ற உணர்வும் இதே நோயின் அறிகுறிகள்.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. உருளையின் கீழ்ப்பகுதி ஈரமாகி, அதன்மேல் புழுதி தடித்த கறுப்புக் களியாகப் படிந்திருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. எங்களிடம் உள்ள ஹொண்டா வகைச் சைக்கிள்களில் செயின் இடப்பக்கம் ஓடுகின்றது. செயினுக்கு விட்ட ஒயில் தெறித்து இடப்பக்கச் சொக்கை நனைப்பது வழக்கம். ஆகவே மண்ணெண்ணெய்த் துணியால் இரண்டு சொக்குகளையும் சுத்தமாகத் துடைத்து உலரவிட்டு, சீல் இருக்கும் இடத்தைச் சுற்றி முகப்பவுடர் தூவி, சில மைல் ஓடிவாருங்கள். பவுடரில் மேலிருந்து கீழாக ஈரக்கோடு விழுந்தால் சீல் கசிகின்றது. வெளியிலிருந்து புள்ளி புள்ளியாக நனைந்திருந்தால் அது தெறித்த ஒயில். தண்டின்மேல் மெல்லிய படலமாக ஒயில் இருப்பது பழுதல்ல. சீல் தேயாமலிருக்க அது தேவை. துளியாக வடிவதுதான் பழுது.

வடிந்த ஒயில் கீழ்க் கண்ணில் உள்ள றப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும். அங்கிருந்து ரயரில் பட்டால் பெரிய ஆபத்து. பிறேக் டிஸ்க் உள்ள சைக்கிளாயின் அதிலும் படக்கூடும். ரயரிலோ டிஸ்க்கிலோ ஒயில் கண்டால், திருத்தும்வரை அந்தச் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

திறக்கலாமா, கூடாதா?

கையில் ஸ்பனர் எடுப்பதற்கு முன் இதைத் தீர்மானிக்க வேண்டும். சொக்கில் மூன்று வகை உண்டு. உருளையின் வாயில் சேர்க்கிளிப்போ, மரையிட்ட மூடியோ இருந்தால் அது திறந்து திருத்தக்கூடிய வகை. வாய் உள்நோக்கி மடித்து நசுக்கப்பட்டிருந்தால் அது தொழிற்சாலையில் மூடியது. திறப்பதற்கு வழி வைக்கப்படவில்லை. சிறிய மோட்டார் சைக்கிள்களில் இந்த வகையே அதிகம். லேத் இயந்திரம் உள்ள சில வேலைத்தலங்களில் மடிப்பை வெட்டி, மரை போட்டு, மூடி செய்து தருவார்கள். நல்ல கையாக இருந்தால் வேலை நிற்கும். வெட்டாமல் துளையிட்டு ஒயில் ஏற்றி, துளையை ஒட்டித் தருகின்றோம் என்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். பழுதான சீல் அப்படியே உள்ளே இருக்கும்போது புதிய ஒயில் மட்டும் எத்தனை நாளைக்கு நிற்கும்?

மூன்றாவது வகை வாயு அடைத்தது. பக்கத்தில் சிறிய தனி உருளை ஒட்டியிருக்கும், அல்லது வாயு, நைதரசன் என்று எழுதியிருக்கும். அதனுள் ரயர்க் காற்றைவிடப் பல மடங்கு அமுக்கம் இருக்கக்கூடும். இதைத் துளைப்பதும், வெட்டுவதும், நெருப்புக் காட்டுவதும் உயிருக்கு ஆபத்தானவை. எழுத்து அழிந்திருந்தால் ஒரு சோதனை உண்டு. ஸ்பிறிங்கைக் கழற்றியபின் தண்டை உள்ளே அமுக்கி விடுங்கள். விட்ட இடத்திலேயே நின்றால் வாயு இல்லை. தானாக வெளியே வந்தால் உள்ளே வாயு அமுக்கம் இருக்கின்றது. அதற்குமேல் கைவைக்க வேண்டாம்.

கழற்றுதல்

சைக்கிளைச் சமதரையில் சென்ரர் ஸ்ரான்டில் நிறுத்தி, பின் சில்லின் கீழ் ஒரு பலகையை வைத்துச் சில்லு தொங்காமல் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துச் சொக்கை மட்டும் கழற்றுங்கள். மற்றது இருந்தால் சில்லு கீழே விழாது, மீண்டும் பூட்டும்போது துவாரங்களும் நேராக நிற்கும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல்நாள் இரவே டீசலோ மண்ணெண்ணெயோ விட்டு ஊறவிடுங்கள். எந்த வாஷர் உள்ளே, எது வெளியே என்பதை நிலத்தில் விரித்த சாக்கில் வரிசையாக வைத்தால் குழப்பம் வராது. வலப்பக்கத்துக் கீழ்ப் போல்டுக்குச் சைலன்சர் இடைஞ்சலாக இருந்தால் அதை முதலில் தளர்த்த வேண்டியிருக்கும்.

ஸ்பிறிங்கைக் கழற்றுவது இந்த வேலை முழுவதிலும் ஆபத்தான கட்டம். சொக் வெளியே வந்த பின்னரும் ஸ்பிறிங் அமுங்கிய நிலையிலேயே இருக்கின்றது. ஸ்பிறிங் அமுக்கும் கருவி கராஜ்களில் இருக்கும்; அதை இரவல் வாங்குங்கள், அல்லது அந்த வேலையை மட்டும் அங்கே செய்வித்துக்கொண்டு வாருங்கள். கயிற்றால் கட்டி, திருப்புளியால் நெம்பிக் கழற்றுபவர்களைக் கண்டிருக்கின்றேன். தவறினால் மேல்மூடி முகத்துக்கு நேரே வரும். கருவியுடன் செய்யும்போதும் முகத்தைச் சொக்குக்கு நேர்மேலே வைக்கக் கூடாது.

ஸ்பிறிங் போனபின் சொக்கை நிமிர்த்திப் பிடித்துத் தண்டை இழுத்தும் அமுக்கியும் பாருங்கள். நல்ல சொக்கில் அமுக்குவது சற்று இலேசாகவும், இழுப்பது நன்றாகக் கடினமாகவும் இருக்கும். இழுக்கும்போது கொஞ்சத் தூரம் தடையில்லாமல் வந்து, பிறகு பிடித்தால் ஒயில் குறைந்து காற்றுப் புகுந்துள்ளது. தண்டைப் பக்கவாட்டில் ஆட்டியும் பார்க்க வேண்டும். லொடலொடவென்று ஆடினால் வழிகாட்டிப் புஷ் தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் சீல் மட்டும் மாற்றுவது வீண்செலவு. ஒரு நேரான இரும்பு அடிமட்டத்தைத் தண்டின் நீளத்துக்கு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே சுற்றிப் பார்த்தால் வளைவும் தெரிந்துவிடும்.

சீலை மாற்றுதல்

கீழ்க் கண்ணை வைஸில் பிடியுங்கள். உருளையைப் பிடித்தால் அது நசுங்கி, பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். வாயைச் சுற்றியுள்ள மண்ணை முழுவதும் துடைத்த பின்னரே சேர்க்கிளிப்பை அல்லது மூடியைக் கழற்றி, தண்டை மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். உள்ளிருக்கும் ஒயிலை ஒரு போத்தலில் ஊற்றிப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கின்றது. மினுமினுக்கும் தூள் இருந்தால் உள்ளே உலோகம் தேய்கின்றது.

தண்டை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, விரல் நகத்தால் மேலிருந்து கீழாக வருடுங்கள். நகம் எங்கும் தட்டாவிட்டால் நல்லது. இலேசான துருக்கறையாயின் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் 1000 ஆம் இலக்க அல்லது அதைவிட நைசான மண்கடதாசியால், தண்டைச் சுற்றி வளையமாகத் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் கீறல்கள் வாய்க்கால் போலாகி, அவற்றின் வழியே ஒயில் ஏறிவரும். சீல் ஓடும் பகுதியில் நகம் தட்டும் பள்ளம் இருந்தால் தண்டையே மாற்ற வேண்டும். தண்டு கிடைக்காவிட்டால் அந்தச் சொக்கில் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதே எனது அபிப்பிராயம்.

பழைய சீலின்மேல் மூன்று இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். 12, 22, 5 என்று இருந்தால் தண்டு 12 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 22, தடிப்பு 5 என்பது பொருள். சீலைக் கையோடு கொண்டுபோய் வாங்குங்கள். பூட்டும்போது சிறிய சுருள் ஸ்பிறிங் தெரியும் பக்கம் ஒயிலை நோக்கி, அதாவது உள்நோக்கி இருக்க வேண்டும். தண்டின் மரையுள்ள நுனியில் மெல்லிய பொலித்தீனைச் சுற்றி, ஒயில் தடவி, அதன்மேலாகச் சீலை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் புதிய சீலின் உதட்டை மரை முதல்நாளே கிழித்துவிடும்.

ஒயில் எது, எவ்வளவு?

இதில்தான் நான் கைச்சேதப்பட்டேன். மல்லாவியில் அந்தச் சி.90 இன் சொக்கை ஒருவரிடம் கொடுத்தேன். அவர் புதிய சீல் போட்டு, தடித்த இயந்திர ஒயிலை வாய்மட்டும் நிரப்பித் தந்தார். கல்லுப்போல இருந்தது, நல்ல வேலை என்று எண்ணினேன். அடுத்தநாள் நெல்மூடையுடன் முதலாவது பள்ளத்தில் விழுந்ததும் சீல் பிய்ந்து, ஒயில் முழுவதும் ரயரில் கொட்டியது. நானும் மூடையும் வாய்க்காலுக்குள்.

காரணம் இலகுவானது. தண்டு உள்ளே போகும்போது அதற்கு இடம் வேண்டும். ஒயிலை அமுக்கிச் சிறிதாக்க முடியாது, காற்றைத்தான் அமுக்கலாம். ஆகவே உருளையில் ஓரளவு காற்று இடைவெளி இருந்தே ஆகவேண்டும். கையேட்டில் அளவு இருந்தால் அதன்படி சிறிஞ்சால் அளந்து விடுங்கள். சிறிய சைக்கிள்களில் அது ஒரு தேநீர்க் கோப்பைக்கும் குறைவாகவே இருக்கும். அளவு தெரியாவிட்டால், கசியாத மற்றப் பக்கத்துச் சொக்கைத் திறக்கும்போது அதிலுள்ள ஒயிலை அளந்துகொள்ளுங்கள். மூடியபின் ஸ்பிறிங் போடாமல் தண்டைக் கையால் மெதுவாக முழுத்தூரமும் அமுக்கிப் பார்க்க வேண்டும். அடிவரை போகாமல் இடையில் இறுகினால் ஒயில் கூடிவிட்டது, கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.

முன் போர்க்குக்கு விற்கப்படும் எஸ்.ஏ.ஈ. 10 ஒயில் பொருத்தமானது. பிறேக் ஒயிலைப் பாவிக்கவே கூடாது. அது இந்த வகை றப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பழைய இயந்திர ஒயில், தேங்காய் எண்ணெய் என்பனவும் வேண்டாம்.

பூட்டுவதற்கு முன் சொக்கை நிமிர்த்திப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு தரம் மெதுவாக முழுத்தூரமும் இழுத்து அமுக்கினால் உள்ளே சிக்கிய காற்று மேலே வந்துவிடும். இழுக்கும்போது தடை ஒரே சீராகத் தெரியவேண்டும். மேற்கண் தண்டில் மரையால் பூட்டப்படும் வகையாயின் அதன் பூட்டு நட்டை நன்றாக இறுக்குங்கள்.

இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்க வேண்டும். ஒரு சொக் கசிந்தாலும் இரண்டுக்கும் சீலும் ஒயிலும் மாற்றுவதே முறை. ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் பழையது என்று ஓடினால் சில்லைத் தாங்கும் பின் கவை முறுக்கப்பட்டு, வளைவுகளில் சைக்கிள் நெளியும். பாவித்த சொக் வாங்குபவர்கள் சோடியாகவே வாங்க வேண்டும். கண்ணுக்குக் கண் நீளம், துவாரத்தின் அளவு, ஸ்பிறிங் கம்பியின் தடிப்பு மூன்றையும் ஒப்பிட்டு, கடையிலேயே தண்டை நகத்தால் வருடிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பாரம் ஏற்றுவது பற்றியும் ஒரு சொல். ஒரு யூரியா மூடை 50 கிலோ. அதை ஆசனத்தில், ஓட்டுபவரின் முதுகோடு சேர்த்துக் கட்டினால் பாரம் இரண்டு சில்லுகளுக்கும் பங்கிடப்படும். பின் அச்சுக்கும் அப்பால் கரியரின் நுனியில் கட்டினால் அது நெம்புகோல் போல வேலை செய்து, பின் சொக்கின்மேல் தன் நிறைக்கும் மேலாக அமுக்கும், முன்சில்லும் இலேசாகிவிடும். சொக்கின் அடியில் படிப்படியாகத் திருகும் வளையம் இருந்தால் பாரம் ஏற்றும் நாட்களில் இரு பக்கமும் ஒரே படியில் உயர்த்துங்கள். இது ஸ்பிறிங்கை மட்டுமே இறுக்கும். போன ஒயிலை ஈடுசெய்யாது.

கழற்றிய பழைய ஒயிலைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ ஊற்ற வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போக அதிக காலம் எடுக்காது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எவ்வளவு பெரிய பிரச்சினையானது என்பது பலருக்கு நினைவிருக்கும். போத்தலில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

பூட்டி முடிந்ததும் முதல்நாள் பாரமின்றி ஓடுங்கள். இரண்டாம் நாள் நான்கு நட்டுகளையும் மறுபடி இறுக்கி, சீலைச் சுற்றி மீண்டும் முகப்பவுடர் தூவிப் பாருங்கள். ஒரு கிழமைக்குப் பிறகும் பவுடரில் கோடு விழாவிட்டால் மூடையைக் கட்டலாம்.